பேச்சுக்குத் தனிக் கட்டணம் போட்ட வாரம்

எங்கள் டெக்னீசியன்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள், என்னைப் போல ஓய்ந்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு. காலை வணக்கப் பூக்களும், ஜங்ஷன் பெட்டிக்குள் சுருண்டு படுத்திருக்கும் பாம்புகளின் படமும்தான் பெரும்பாலும் வரும். போன வாரம் அதில் ஒரு சண்டை வந்துவிட்டது. இணையம் வழியாகப் பேசுவதற்குத் தனியாகக் காசு வேண்டும் என்று கம்பெனிகள் மறுபடி கேட்பதாக யாரோ ஒரு செய்தியைப் போட்டார்கள். "கம்பம் நட்டவன் நான், கம்பி இழுத்தவன் நான், ஓசியில் பேசிவிட்டுப் போகிறவன் எவனோ" என்று பாதிப் பேர் பொங்கினார்கள். மீதிப் பேர் அவர்களைக் காய்ச்சி எடுத்தார்கள். நடுவில், அடிமாலியில் வேலை பார்க்கிற ரம்யா என்ற பெண் என் பெயரை இழுத்துவிட்டாள்.

"நாச்சிமுத்தண்ணே, பூப்பாறையில அத நீங்கதானே உங்க கையால போட்டீங்க? அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதுங்கண்ணே. இவங்க வாய அடைக்கணும்."

யார் வாயையும் அடைப்பது என் வேலையாக இருந்ததில்லை. வாயும் காதும் சேர்ந்தால்தான் எனக்குச் சோறு. ஆனாலும் அவள் கேட்டது நியாயம். விரலால் தட்டி எழுதப் பொறுமை இல்லாததால் இதைத் தாளில் எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டுச் சித்தூரை ஒட்டிய நல்லேப்பிள்ளிக்காரன். வயலில் இறங்கினால் அடுக்குத் தும்மல் வருகிற உடம்பு. இவன் நெல்லுக்கு ஆகமாட்டான் என்று தெரிந்துகொண்ட அப்பா, தொலைபேசித் துறைக்கு மனுப்போட வைத்தார். பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பம் ஏறு, கம்பியை முறுக்கு, மழையில் நனை, மறுபடி ஏறு. சில மாதங்களில் முடிந்துவிட்டது. பிறகு பாலக்காட்டில், வெளியூர் அழைப்புகளை ஆள் வைத்து இணைத்துக்கொண்டிருந்த டிரங்க் எக்ஸ்சேஞ்சில் போட்டார்கள். இணைக்கிற பெண்கள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் பலகைக்குப் பின்னால் அறுந்த வயரை மாற்றுகிறவன்.

அங்கே மேற்பார்வையாளர் ஜமீலா மேடம். பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த தமிழ் ராவுத்தர் வீட்டுப் பெண். என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் என்றாலும் அந்த அறையில் அவர் நடந்தால் மின்விசிறிகூடச் சத்தம் குறைத்துக்கொள்ளும் என்று நாங்கள் கேலி செய்வோம். உட்காரவே மாட்டார். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். அழைப்பை இணைக்கிற முறை இதுதான்: இந்தப் பக்கத்து ஆளின் ஹலோவைக் கேட்க வேண்டும், அந்தப் பக்கத்து ஆளின் ஹலோவைக் கேட்க வேண்டும், "பேசுங்க" என்று சொல்லிச் சாவியைத் திருப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. பலகையில் ஒரு சிறு விளக்கு மட்டும், பேச்சு நடக்கிறது என்று எரிந்துகொண்டிருக்கும். சாவியைத் திருப்பாமல் யாராவது ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தால் மேடம் திட்டமாட்டார். பின்னால் வந்து நின்று, இரண்டு விரலை மேஜைமேல் வைப்பார். சாவி தானாகத் திரும்பிவிடும்.

ஒருநாள் அந்த இரண்டு விரல் எனக்கும் வந்தது. பலகைக்குப் பின்னால் சோதனைப் போனை மாட்டிக்கொண்டு, ஒரு மில்காரர் பெண்டாட்டியிடம் கெஞ்சுவதை ரசித்துக்கொண்டு நின்றேன்.

"நாச்சிமுத்து, எந்தா அங்கே?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். லைன் நல்லா இருக்குதான்னு பாத்துட்டு இருந்தனுங்க."

"ரெண்டு பேரு பேசறது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"அப்ப லைன் நல்லா இருக்கு. அதுக்கப்புறம் அங்க உனக்கென்ன வேலை? எடு."

எடுத்துவிட்டேன். காது சூடாகிவிட்டது.

இன்னொரு நாள் வளைகுடாவில் இருக்கும் புருஷனோடு பேசுவதற்காக ஒரு பெண் எக்ஸ்சேஞ்ச் வாசலில் இருந்த போன் கூண்டுக்கு வந்தாள். முன்கூட்டியே பதிவு செய்து, காலையிலிருந்து காத்திருந்து, மத்தியானம்தான் லைன் கிடைத்தது. இணைத்த பெண் பதறிக்கொண்டு மேடத்தைக் கூப்பிட்டாள். இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, ஆனால் யாரும் பேசவில்லை, லைன் செத்துவிட்டதோ என்று. மேடம் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். ஒரு மூச்சு நேரம்தான். உடனே கழற்றிக் கொடுத்துவிட்டார். "இருக்காங்க. விடு," என்றார். மூன்று நிமிடமும் விளக்கு எரிந்தது. கூண்டிலிருந்து அந்தப் பெண் முகம் வீங்கி வெளியே வந்து, கட்டணத்தைக் கட்டி, எங்கள் எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். ஒரு சொல் பேசவில்லை, ஆனால் அவ்வளவு நிறைவாக ஒருவர் எங்கள் அலுவலகத்தைவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை. கடல் தாண்டி மூச்சு மட்டும் போய் வந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்திலும் ஒரே விலை கிடையாது. சாதாரணம், அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று தரம் உண்டு. அவசரக்காரன் அதிகம் கொடுப்பான், முன்னால் போவான். ஆனால் சாவுச் செய்தியா, கல்யாணப் பேச்சா, வெறும் அழுகையா என்று பார்த்து யாரும் விலை வைத்ததில்லை. பார்க்கவும் முடியாது, பார்த்தால் இரண்டு விரல் வரும்.

பிறகு இடுக்கி. மலைக்கு மாற்றல் என்றபோது அம்மா அழுதாள், நான் உள்ளுக்குள் குதித்தேன். தேவிகுளம், பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலக்காட்டுக்குள் கம்பி இழுத்தே எனக்கு முடி நரைத்தது. யானை வந்து கம்பத்தில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போகும். மறுநாள் நாங்கள் போய், கம்பத்தை நிமிர்த்தி, யானை மறுபடி வருவதற்குள் இறங்கி ஓடிவர வேண்டும். இந்த வேலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழுது பார்த்தாகிவிட்டது என்று நாமாக எழுதிப் புகாரை மூடக் கூடாது. சந்தாதாரர் வீட்டுப் போனிலிருந்தே எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, நாம் பேசி, பிறகு வீட்டுக்காரரைப் பேசவைத்து, அவர் குரல் அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கிறது என்று பதில் வந்த பிறகுதான் கையெழுத்து. இருபது வருஷத்துக்கு மேல் இதையே செய்ததில், எந்தப் பழுதென்றாலும் என் கை முதலில் காதுக்குத்தான் போகும்.

துறையில் விருப்ப ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் உட்கார மனமில்லை. பூப்பாறையில் கேபிள் டிவியாகத் தொடங்கி இணையம் கொடுக்க ஆரம்பித்திருந்த ஒரு சிறு கம்பெனி, அனுபவஸ்தன் வேண்டும் என்று கூப்பிட்டது. போனேன். அங்கேதான் கண்ணாடி நாரைத் தொட்டேன். தலைமுடியைவிட மெல்லியது. பூப்பாறையில் ஒரு முனையில் சோதனை விளக்கை வைத்தால், ஏலக்காடு, ஓடை, ஒன்றரை மலை தாண்டி சாந்தன்பாறை முனையில் குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பாக வெளிச்சம் வந்து நிற்கிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது, கம்பத்தடியில் மழைக்கோட்டோடு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை காலம் நாம் செம்பைக் கட்டி மாரடித்தோமே என்று சிரிப்பும் வந்தது.

மேனேஜர் பிஜு சார். என்னைவிட இருபது வயது சின்னவர், கோதமங்கலத்துக்காரர். கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பிடிக்காத வேலையைச் சொல்வதென்றால் முதலில் சாயா வரவழைப்பார், நாம் பாதி குடிக்கும் வரை மலை, மழை, ஏலக்காய் விலை என்று பேசுவார், பிறகு ஒரே விரலால் தாளை நம் பக்கம் தள்ளுவார். அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் ஒரு தாள் வந்தது.

எங்களுக்குப் பெரிய கம்பெனியிடமிருந்து வாடகைக்கு வருகிற இணையம் அளவானது. சாயங்காலமானால் எல்லாரும் படத்தோடு பேச உட்கார்ந்துவிடுவதால் லைன் திணறுகிறது. அது போக, கம்பெனியின் சாதாரண வீட்டுப் போனை ஆட்கள் கைவிட ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் இனி இணையத்தில் பேச 'கால் பேக்' என்று தனிக் கட்டணம். குரலுக்கு ஒரு விலை, படத்தோடு பேச அதைப் போல மூன்று மடங்கு. கட்டாதவர்களுக்கு மற்றதெல்லாம் வழக்கம்போல ஓடும், பேச்சு மட்டும் வேகம் குறைந்து இறுகிவிடும். அதற்கான கட்டளையை, எல்லா இணைப்பும் கடந்து போகிற அலுவலகத்துப் பெட்டியில் நான்தான் ஏற்ற வேண்டும்.

"சேட்டா, இது நம்மட கம்பெனிக்கு ஜீவன் மரணப் பிரச்சனையாணு. சேட்டன் தன்னே செய்யணும்," என்றார்.

செய்தேன். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை, என் கையால்தான் செய்தேன். நாலு வரி. அதைத் தட்டி முடித்ததும் திரையில் ஒரு பட்டியல் வந்தது. எங்கள் லைனில் போகும் ஒவ்வொன்றையும் பெட்டி பிரித்துக் காட்டியது: இது சினிமா, இது கடிதம், இது பாட்டு, இது பேச்சு. அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்து நான் வாய் பிளந்துதான் நின்றேன். ஜமீலா மேடத்தின் ஞாபகம் அப்போது வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை புகார் வந்தது. சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏல எஸ்டேட்டின் வாசகசாலை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவில் ஒரே ஓர் அறை, அதில் ஒரு கேரம் போர்டு, மாதா படம், எங்கள் இணைப்பு. மொபைல் சிக்னல் அந்தச் சரிவில் எட்டிப் பார்க்காது. 'சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால் நின்றுவிடுகிறது, அந்த நேரத்துக்கே ஆள் வரவும்' என்று எழுதியிருந்தது.

ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முகம் கழுவி, தலை சீவி, கைபேசியைத் தகர டப்பாமேல் சாய்த்துவைத்து அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அந்தோணியம்மாள் என்று பிறகுதான் பெயர் தெரியும். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள், பேசவில்லை. மலைப் பெண்கள் புது ஆளிடம் சட்டென்று பேசமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. திரையில் பத்துப் பதினோரு வயதுப் பெண்பிள்ளை, நீலச் சீருடை. அந்தோணியம்மாள் கையைத் தூக்குவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஹலோ! ஏனுங் கண்ணு, நாம் பேசறது கேக்குதா?"

பிள்ளை என்னையே பார்த்தது. பதில் இல்லை. இந்தப் பக்கக் குரல் போகவில்லை என்று முடிவு கட்டினேன். ஹெட்செட்டை மாட்டினேன். ஹலோ. கழற்றி வேறொன்றை மாட்டினேன். ஹலோ, ஹலோ. அமைப்புகளுக்குள் போய் மைக்கை அணைத்துப் போட்டேன். சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து முனைகளைத் துடைத்தேன். படம் விட்டுவிட்டு உறைந்ததைப் பார்க்கத்தான் செய்தேன், ஆனால் குரல் வராதபோது படத்தைப் பற்றி என்ன கவலை? அந்தோணியம்மாள் என் தோளை மூன்று தடவை தட்டினாள். காற்றில் ஏதோ கையை ஆட்டினாள். அவசரப்படுகிறாள் என்று எண்ணி, "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று கையமர்த்திவிட்டு மறுபடி ஹலோ சொன்னேன்.

ஆறரைக்கு அழைப்பு அறுந்தது. அப்போதுதான் எடைக் கொட்டகையிலிருந்து அவள் தங்கை ஸ்டெல்லா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"என்னண்ணே பண்ணுதீய? வெளிய வரைக்கும் ஹலோ ஹலோன்னு கேக்கு. யாருக்கு ஹலோ சொல்லுதீய?"

"பாப்பாவுக்குக் கேக்க மாட்டீங்குதுங்க. மைக்குலதான் கோளாறு."

ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

"அதுக்குக் காதே கேக்காதுண்ணே. எங்கக்காவுக்கும் கேக்காது. பொறந்ததுல இருந்தே. இதுவ சாடையிலதான் பேசிக்கிடும். இன்னைக்கு உள்ள அரைமணி நேரத்தையும் நீங்களே தின்னுட்டியளே!"

நான் கையில் பிடித்திருந்த ஹெட்செட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இருபது வருஷம், முப்பது வருஷம் என்று மார் தட்டுகிற அனுபவம் எல்லாம் சேர்ந்து, தாயும் பிள்ளையும் பேச இருந்த அரை மணி நேரத்தை விழுங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கக்கூட அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. கைகூப்பினேன். அந்தோணியம்மாள் தலையசைத்துவிட்டு, அணைந்துபோன திரையை முந்தானையால் துடைத்தாள்.

ஸ்டெல்லா சொல்லித்தான் விஷயம் முழுக்கத் தெரிந்தது. பிள்ளையின் பெயர் ஜெனி. அப்பா இல்லை. காது கேளாதவர்களுக்கான பள்ளி ஒன்றில், எங்கள் சித்தூர்ப் பக்கம்தான், இடம் கிடைத்து ஹாஸ்டலில் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. அந்தோணியம்மாள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்படியொரு பள்ளி இருப்பதே இவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஓரெழுத்து தெரியாது. மகளாவது நாலெழுத்து படிக்கட்டும் என்று அனுப்பிவிட்டாள். பிள்ளைக்குப் பள்ளியின் சைகை மொழி இன்னும் பிடிபடவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே பாஷை, லயத்து வீட்டுக்குள் தாயும் மகளுமாக உண்டாக்கிக்கொண்ட சாடைதான். உலகத்தில் அந்தப் பாஷை தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் ஸ்டெல்லாவுக்கு முக்கால்வாசிதான் தெரியும். கடிதம் ஆகாது, போன் ஆகாது. படம் ஓடினால்தான் பேச்சு. தினமும் ஆறிலிருந்து ஆறரை வரை, ஹாஸ்டலில் சாப்பாட்டு மேஜைமேலேயே ஒரு டேப்லெட்டை வைத்து வார்டன் ஜெனிக்குத் தருவார். தாயைப் பார்த்துக்கொண்டு பிள்ளை சாப்பிடும். நேற்றிலிருந்து அம்மா திரையில் கையைத் தூக்கியபடி சிலையாக நின்றுவிடுகிறாள். நேற்று இரவு பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டது. இன்று பாலோடு சரி. ஞாயிறு வரை பார்ப்பதாகவும், சாப்பிடாவிட்டால் திங்கட்கிழமை வந்து அழைத்துப் போய்விடும்படியும் வார்டன் சொல்லிவிட்டார். இடத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்.

"நேத்துல இருந்துதானுங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. பழுது லைனில் இல்லை. திங்கட்கிழமை நான் தட்டிய நாலு வரியில் இருக்கிறது.

அதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் அக்காவுக்குக் கையால் சொன்னாள். அந்தோணியம்மாள் திருப்பிக் கேட்டதை ஸ்டெல்லா எனக்குச் சொன்னாள்.

"பாட்டு படமெல்லாம் ஓடுதே, எம்புள்ள மட்டும் ஏன் ஓட மாட்டேங்கான்னு கேக்கா."

படத்தோடு பேசுவதற்கான பேக்கைப் பற்றிச் சொன்னேன். விலையைக் கேட்டதும் ஸ்டெல்லா அதை அக்காவிடம் சொல்லவே இல்லை. வாசகசாலைக் கமிட்டியும் மாதம் ஒருமுறைதான் கூடும்.

புதன்கிழமை காலையில் பிஜு சார் முன்னால் நின்றேன். சாயா வந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு அவர் முகம் வாடியது உண்மை. "பாவம், அவருக்கு நம்மள் இளவு கொடுக்கும் சேட்டா," என்றார். இளவு என்றால் மலையாளத்தில் சலுகை. காது கேளாதவர் என்ற சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்டு வந்தால், தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி அந்த ஓர் இணைப்புக்கு விலக்கு வாங்கித் தருவதாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அன்று சாயங்காலமே மலையேறினேன். அந்தோணியம்மாள் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது கையால் ஏதோ சொன்னாள்.

"என்னங்க சொல்றாங்க?"

ஸ்டெல்லா கொஞ்சம் தயங்கினாள். "பஸ்ஸுக்கு இந்தக் காட்ட காமிச்சேன், ஆசுபத்திரியில காமிச்சேன், பென்சனுக்குக் காமிச்சேன். பெத்த புள்ளகிட்ட பேசவும் காமிக்கணுமான்னு சொல்லுதா."

அட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வியாழன் போயிற்று. இணைப்பு வாசகசாலையின் பெயரில் இருக்கிறது, சான்றிதழ் வேறொருவர் பெயரில் இருக்கிறது, ஆகவே பரிசீலிக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் வெள்ளிக்கிழமை எழுதியது. பத்து வேலை நாள். பிஜு சார் இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்தார், நானே பக்கத்தில் இருந்தேன். சனிக்கிழமை வார்டன், பிள்ளை கஞ்சித் தண்ணீர் மட்டும் குடிப்பதாக ஸ்டெல்லாவுக்குச் செய்தி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அலுவலகத்தைத் திறந்து, அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். யாரும் இல்லை. வாசகசாலையின் எண்ணை மட்டும் விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு மலையேறுவதாகத்தான் கிளம்பி வந்திருந்தேன். எண்ணில் பாதியைத் தட்டிவிட்டேன். கை நின்றுவிட்டது. திரையில் நூற்றுக்கணக்கான எண்கள் ஓடுகின்றன. அந்தோணியம்மாள் கதை எனக்குத் தெரிந்தது, அவள் புகார் கொடுத்ததால். புகார் கொடுக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? இந்த எண்ணில் ஒருவனுக்கு அப்பா சாகக்கிடக்கிறாரோ, அந்த எண்ணில் ஒருத்தி வெறுமனே அரட்டை அடிக்கிறாளோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு, தகுதி பார்த்து ஒவ்வொருவராகத் திறந்துவிட நான் யார்? அப்போதுதான், அவ்வளவு தாமதமாக, மேஜைமேல் இரண்டு விரல் தெரிந்தது. தட்டியதை அழித்தேன். நாலு வரியையும் சேர்த்து அழித்தேன். சாந்தன்பாறை, பூப்பாறை மொத்தத்துக்கும் பேச்சு திறந்துகொண்டது.

அதற்கப்புறம் என் பாடு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். வேலைக்காரன் என்ற கணக்கில் நான் செய்தது தப்பு. முதலாளி சொல்லிப் போட்டதை முதலாளி சொல்லாமல் எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை காலையில் நானே போய்ச் சொன்னேன். பிஜு சார் அன்றைக்கும் சாயா வரவழைத்தார், ஆனால் மழையைப் பற்றிப் பேசவில்லை. சாவிகளையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். மாதக் கடைசியோடு என்னை நிறுத்திக்கொண்டார்கள். மத்தியானமே நாலு வரியும் திரும்ப ஏறிவிட்டது. ஆனால் ஏற்றுகிறபோது, சான்றிதழுக்குக் காத்திராமல், வாசகசாலை எண்ணைத் தன் கையாலேயே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டார் பிஜு சார். அந்த மனிதருக்கு அதற்காக நான் என்றைக்கும் கடன்பட்டவன். சில மாதம் கழித்து நாடு முழுக்க இதைப் பற்றிப் பேச்சு எழுந்து, என்ன பார்க்கிறாய், என்ன பேசுகிறாய் என்று பார்த்து விலை வைக்கக் கூடாதென்று விதியே வந்துவிட்டது. அந்த விதியைத்தான் இப்போது ஆட்டிப் பார்க்கிறார்கள்.

இனி அந்த ஞாயிறு. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசகசாலைக்குள் நுழைந்தேன். இந்தத் தடவை ஒரு சொல் பேசவில்லை. கேரம் போர்டுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டேன். அந்தோணியம்மாள் என்னைப் பார்த்தாள், நான் திரையைக் காட்டினேன்.

அழைப்பு வந்தது. ஜெனி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தது. தட்டில் சோறு அப்படியே இருக்கிறது. கன்னம் ஒட்டிவிட்டது. அம்மாவின் கை அசைந்ததும் பிள்ளையின் கண் விரிந்தது. கை நிற்கவில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளை என்ன செய்தது தெரியுமா? முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டது. நமக்குக் கோபம் வந்தால் காதைப் பொத்திக்கொள்வோம். அவர்களுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், எதிராளி பேச்சு முழுக்க அறுந்துவிடும். ஆறு நாள் சிலையாக நின்ற அம்மாமேல் அவ்வளவு கோபம்.

கூப்பிட வழியில்லை. தோளைத் தட்ட எட்டாது. அந்தோணியம்மாள் பதறவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா அழ ஆரம்பித்துவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. பிள்ளை ஓரக்கண்ணால் ஒருதரம் பார்த்தது. அம்மா இருக்கிறாளா என்று.

அந்த ஒரு பார்வைக்குத்தான் காத்திருந்தவள்போல அந்தோணியம்மாள் வலது கையை நீட்டினாள். எதிரில் தட்டு இல்லை. இல்லாத தட்டிலிருந்து இல்லாத சோற்றை அள்ளினாள். விரல் நுனியால் பிசைந்தாள். குழம்பு போதாதென்று கொஞ்சம் விட்டுக்கொண்டாள். உருட்டினாள். சூடு ஆறட்டும் என்று ஊதினாள். பிறகு அந்தக் கையை, கைபேசி பக்கம், மெதுவாக நீட்டினாள். விரல் திரையில் படும் தூரத்தில் நின்றது.

ஜெனி முழுசாகத் திரும்பியது. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. வாயைத் திறந்தபடியே, தன் தட்டிலிருந்து ஒரு கவளத்தைத் தானே எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. கம்பியில் குரல் போவதைப் பார்த்திருக்கிறேன், மூச்சு போவதைப் பார்த்திருக்கிறேன், வெளிச்சம் போவதைப் பார்த்திருக்கிறேன். சாந்தன்பாறையிலிருந்து சித்தூருக்கு ஒரு கவளம் சோறு போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தோணியம்மாள் அடுத்ததை உருட்டினாள். பிள்ளை மென்றுகொண்டே இடது கையால் ஏதோ பேச ஆரம்பித்தது. தாய் இடது கையால் பதில் சொன்னாள். வலது கைகள் இரண்டும் சோற்றில் இருந்தன. ஓசையே இல்லாத அந்த அறையில் அப்படியொரு பேச்சு நடந்தது. பாதித் தட்டு காலியானபோது அந்தோணியம்மாள் சட்டென்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"என்ன ரிப்பேர் பண்ணுனீங்கன்னு கேக்கா," என்றாள் ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஒண்ணும் பண்ணலீங்க. நடுவால நின்னுட்டு இருந்தனுங்க. நகந்துட்டேன், அவ்வளவுதானுங்க."

இதைச் சாடையில் எப்படிச் சொல்வது என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியவில்லை. சற்று யோசித்தாள். பிறகு எழுந்து போய், அக்காவுக்கும் கைபேசிக்கும் நடுவில் என்னைப் போல மார்பை நிமிர்த்திக்கொண்டு, காதில் கையை வைத்துக்கொண்டு, விறைப்பாக நின்றாள். ஒரு நிமிடம் தாய்க்கு மகளும் மகளுக்குத் தாயும் தெரியவில்லை. அப்புறம் ஒரு பக்கமாக நகர்ந்தாள்.

அந்தோணியம்மாள் என்னைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் தொண்டையிலிருந்து வந்த ஓசையை அன்றுதான் முதலில் கேட்டேன். திரையில் ஜெனியும் சிரித்தது. வாயில் இருந்த சோறு மேஜையெல்லாம் தெறித்துவிட, பின்னாலிருந்து வார்டன் ஓடி வந்து அதன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.